ஹைப்பர், ஹைப்போ: மருத்துவச் சீட்டில் இவ்விரு சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

மருத்துவச் சீட்டிலும் ஆய்வக அறிக்கையிலும் காணப்படும் நோய்ப் பெயர்கள் பல ‘ஹைப்பர்’ அல்லது ‘ஹைப்போ’ என்று தொடங்குகின்றன. ஒலியில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரு சொற்களும் பொருளில் நேர் எதிரானவை. முதலாவது, உடலில் ஒன்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் குறிக்கிறது. இரண்டாவது, அளவுக்குக் குறைந்திருப்பதைக் குறிக்கிறது. ஆகவே இவற்றுக்கான சிகிச்சையும் முதலுதவியும் எதிரெதிரானவை. ஒன்றை மற்றொன்றாக எண்ணிச் செயல்பட்டால், செய்யும் உதவியே தீங்காக முடியலாம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகளில் பணிபுரிவோர் இதனை அறிந்திருப்பது மிகவும் தேவையானது. இங்கு பலர் சொந்த ஊரையும் குடும்பத்தையும் விட்டு விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கி, சுழற்சி முறையில் இரவும் பகலும் பணியாற்றுகின்றனர். நள்ளிரவில் ஒருவர் மயங்கிச் சரிந்தால் அருகில் இருப்பவர் பெரும்பாலும் அறைத் தோழரே. நோயைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் தலையணைக்கு அடியில் இருக்கும் மருத்துவச் சீட்டாக இருக்கலாம். அதில் உள்ள முதல் சொல்லைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால், மருத்துவ உதவி வரும் வரை செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

சொற்களின் வேரும் பொருளும்

‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ ஆகிய இரண்டும் கிரேக்க மொழியின் முன்னொட்டுகள். ‘ஹைப்பர்’ என்பதற்கு மேலே, கடந்து, மிஞ்சி என்றும், ‘ஹைப்போ’ என்பதற்குக் கீழே, அடியில், குறைந்து என்றும் பொருள்.

இச்சொற்கள் அயல்மொழிக்குரியவை ஆயினும் இவற்றின் உறவுச் சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து ‘உபரி நீர்’ திறக்கப்படுவதாகச் செய்தி கேட்கிறோம். ‘உபரி’ என்பது வடமொழிச் சொல். அதுவும் கிரேக்க ‘ஹைப்பர்’ என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலார் முடிவு. அவ்வாறே ‘உபதலைவர்’ என்னும் சொல்லில் வரும் ‘உப’ என்பதும் ‘ஹைப்போ’ என்பதும் உறவுடையவை. தொழிற்சாலையில் நாள்தோறும் வழங்கும் ‘சூப்பர்வைசர்’ என்பதன் ‘சூப்பர்’, ‘சப்-கான்ட்ராக்ட்’ என்பதன் ‘சப்’ ஆகிய இலத்தீன் முன்னொட்டுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

நினைவில் கொள்ள எளிய வழி:

• ஹைப்பர் என்றால் உபரி: அளவு மிஞ்சியது.
• ஹைப்போ என்றால் குறைந்து ‘போ’னது: அளவு குறைந்தது.

குழப்பம் நேரும் மூன்று இடங்கள்

முதலாவது, காது. ‘ஹைப்போ’ என்னும் சொல்லின் தொடக்கத்தில் ‘ஹை’ என்னும் ஒலி உள்ளது. அதிகம் என்பதைக் குறிக்க நாம் பேச்சில் வழங்கும் ‘ஹை’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதே ஒலியுடையது. இதனால் ‘ஹைப்போ’ என்று கேட்டவுடன் ‘ஏதோ கூடியிருக்கிறது’ என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. உண்மை அதற்கு நேர் எதிரானது.

இரண்டாவது, கண். ஆங்கிலத்தில் எழுதும்போது இரு சொற்களுக்கும் முதல் மூன்று எழுத்துகள் ஒன்றே: எச், ஒய், பி. நான்காம் எழுத்து ‘இ’ எனில் ஹைப்பர். ‘ஓ’ எனில் ஹைப்போ. கையெழுத்தில் இவ்விரு எழுத்துகளும் ஒன்றுபோலத் தோன்றலாம். அவ்வாறாயின் அடுத்து ‘ஆர்’ என்னும் எழுத்து உள்ளதா என்று பார்க்கவும். இருப்பின் அது ஹைப்பர். அப்போதும் ஐயம் நீங்காவிடில், ஊகிக்காமல் மருந்தாளுநரிடமோ செவிலியரிடமோ கேட்டுத் தெளிவு பெறவும்.

மூன்றாவது, பேச்சு வழக்கு. ‘எனக்குச் சுகர் இருக்கிறது’, ‘பிபி இருக்கிறது’, ‘தைராய்டு இருக்கிறது’ என்று சொல்வது வழக்கம். இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தைராய்டு சுரப்பியும் எல்லோருக்கும் உள்ளவையே. அளவு கூடியுள்ளதா, குறைந்துள்ளதா என்பதே நோயைத் தீர்மானிக்கிறது. அதனை விட்டுவிட்டுச் சொல்லும் தகவல் அவசர வேளையில் பயன்படாது.

இரத்தச் சர்க்கரை

ஹைப்போகிளைசீமியா என்னும் சொல்லை மூன்றாகப் பிரிக்கலாம். ‘ஹைப்போ’ என்பது குறைவு. ‘கிளைக்’ என்பது இனிப்பு. ‘ஈமியா’ என்பது இரத்தத்தில் உள்ள நிலை. அதாவது, இரத்தத்தில் சர்க்கரை குறைந்த நிலை. ஹைப்பர்கிளைசீமியா என்பது இரத்தத்தில் சர்க்கரை மிகுந்த நிலை.

நீரிழிவு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு வேளைகளில் நேரலாம். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை எப்போதும் கூடியே இருக்கும் என்று எண்ணுவது தவறு. இன்சுலின் ஊசி, கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்ட பின் உணவு தாமதமானாலும், வழக்கத்தைவிடக் கடும் உழைப்பு நேர்ந்தாலும், வெறும் வயிற்றில் மது அருந்தினாலும் சர்க்கரை விரைவாகக் குறையலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு இது அரிதாகவே நேரும்.

எடுத்துக்காட்டாக ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். நீரிழிவு உள்ள ஒரு தொழிலாளி இரவுப் பணிக்கு முன் மாத்திரையை விழுங்கிவிட்டு, நிறுவனப் பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று உண்ணாமல் புறப்படுகிறார். இரண்டு மணி நேரத்தில் அவருக்கு உடல் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. உடன் பணிபுரிவோர் இனிப்புத் தேநீர் கொடுக்க முற்படுகின்றனர். ‘இவருக்குச் சுகர் உண்டு, இனிப்புக் கொடுக்காதீர்கள்’ என்று ஒருவர் தடுத்துவிடுகிறார். நல்லெண்ணத்துடன் சொன்ன அந்தச் சொல்லே அவ்வேளையில் ஆபத்தாகிறது. அவருக்கு அப்போது தேவைப்படுவது இனிப்பே ஆகும்.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பின் அது ஹைப்போகிளைசீமியா எனக் கொள்ளப்படும். 54-க்குக் கீழ் செல்வது மேலும் ஆபத்தானது.

குறைந்தால் தோன்றும் அறிகுறிகள்:

• திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி
• தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல்
• எரிச்சல், தடுமாற்றம், வழக்கத்திற்கு மாறான நடத்தை
• முற்றிய நிலையில் வலிப்பு, மயக்கம்

இந்நிலையில் உள்ளவரை மது அருந்தியவர் என்று தவறாக எண்ணி ஒதுக்கிவிடும் வாய்ப்பு உண்டு. நீரிழிவு உள்ளவர் என்று தெரிந்தால் முதலில் சர்க்கரைக் குறைவையே ஐயுற வேண்டும்.

செய்ய வேண்டியவை:

• உணர்வுடன் இருந்து விழுங்க முடிந்தால், 15 கிராம் சர்க்கரையை உடனே கொடுக்கவும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்தோ, அதே அளவு குளுக்கோஸ் தூளோ கொடுக்கலாம். வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுத்துக்கொள்வோருக்குக் குளுக்கோஸ் தூளே பயன்படும். சாதாரணச் சர்க்கரை அவர்களுக்கு மெதுவாகவே செரிக்கும்.
• 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைப் பார்க்கவும். 70-ஐ எட்டாவிடில் மீண்டும் ஒருமுறை கொடுக்கவும்.
• தேறியதும் சோறு, இட்லி, ரொட்டி போன்ற உணவைக் கொடுக்கவும். உடனே இயந்திரத்திற்கோ வாகனம் ஓட்டவோ அனுப்பக் கூடாது.
• மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அவரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐ அழைக்கவும்.
• சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளால் நேர்ந்த தாழ்வு, சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம். தேறிவிட்டார் என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

அளவிடும் கருவி இல்லாதபோது, குறைவா மிகையா என்ற ஐயம் எழலாம். அவ்வேளையில் குறைவு என்றே கொண்டு, உணர்வுடன் இருப்பவருக்குச் சர்க்கரை கொடுப்பது பாதுகாப்பானது. மிகையாக இருந்திருந்தால் ஒருமுறை கொடுத்த மூன்று தேக்கரண்டியால் பெரும் கேடு நேராது. குறைவாக இருந்து கொடுக்காமல் விட்டால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படலாம்.

ஹைப்பர்கிளைசீமியா பெரும்பாலும் நாட்கணக்கில் மெதுவாக வருவது. மிகு தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சோர்வு, எடை குறைதல், ஆறாத புண் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுடன் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழவாடை ஆகியவை சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலால் உணவு குறைந்துவிட்டது என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தக் கூடாது.

இரத்த அழுத்தம்

ஹைப்பர்டென்ஷன் என்பது மிகை இரத்த அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இவ்வாறு கூறப்படும். ஹைப்போடென்ஷன் என்பது தாழ் இரத்த அழுத்தம். பொதுவாக 90/60-க்குக் கீழ்.

இங்கு மற்றொரு சொல்லும் குழப்பம் தருகிறது. பேச்சுத் தமிழில் ‘டென்ஷன்’ என்றால் மனப்பதற்றம். ஆகவே ஹைப்பர்டென்ஷன் என்பதை ‘அதிகமாகப் பதற்றப்படும் நோய்’ என்று எண்ணி, ‘நான் அமைதியானவன், எனக்கு எதற்கு மாத்திரை?’ என்று கேட்போர் உளர். மருத்துவத்தில் இச்சொல் இரத்தக் குழாயின் சுவர் மீது ஏற்படும் அழுத்தத்தையே குறிக்கிறது. அமைதியான மனமுடையவருக்கும் மிகை அழுத்தம் வரும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. அறிகுறி இல்லை என்று மாத்திரையை நிறுத்துவோருக்குப் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் ஆபத்து கூடுகிறது.

தலைசுற்றல் எல்லாம் ‘லோ பிபி’ அன்று. அளந்து பார்க்காமல் உப்பு கரைத்த நீரைக் குடிப்பது, மிகை அழுத்தம் உள்ளவருக்கு நேர் எதிரான சிகிச்சை ஆகிவிடும். பெரியவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மறுபுறம், அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்பவர் வயிற்றுப்போக்கினாலோ கடும் வெயிலினாலோ நீரிழப்புக்கு உள்ளானால் அழுத்தம் தாழ்ந்து, எழுந்து நிற்கும்போது தள்ளாடலாம். அப்போது மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

தைராய்டு

ஹைப்போதைராய்டிசம் என்பது தைராய்டு ஹார்மோன் குறைந்த நிலை. சோர்வு, உடல் பருத்தல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மாதவிடாய் மிகுதி ஆகியவை தோன்றலாம். ஹைப்பர்தைராய்டிசம் என்பது அந்த ஹார்மோன் மிகுந்த நிலை. உடல் மெலிதல், படபடப்பு, கை நடுக்கம், வெப்பம் தாங்காமை ஆகியவை தோன்றலாம்.

ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போது ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அறிக்கையில் டி.எஸ்.எச். என்பதற்கு எதிரே ‘அதிகம்’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஹைப்போதைராய்டிசத்தையே காட்டுகிறது. காரணம், டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அன்று. தைராய்டை வேலை செய்யத் தூண்டுவதற்காக மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். உற்பத்தி குறையும்போது மேற்பார்வையாளர் மீண்டும் மீண்டும் ஆணையிடுவது போல, தைராய்டு குறையும்போது டி.எஸ்.எச். கூடுகிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ‘எனக்குத் தைராய்டு அதிகம்’ என்று முடிவு செய்து மாத்திரையை நிறுத்தக் கூடாது.

குறைவுக்குக் கொடுக்கப்படும் லீவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் உட்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை. பணி நேரம் வாரந்தோறும் மாறுவோர், எந்த வேளையில் எடுத்துக்கொள்வது என மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவும். கருவுற்ற பெண்களுக்கு இந்த ஹார்மோன் குறைவாக இருப்பின் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரை அணுகவும். மிகைக்குக் கார்பிமசோல் எடுத்துக்கொள்வோருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், உடனே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வெயிலும் உப்பும்

ஹைப்பர்தெர்மியா என்பது உடல் வெப்பம் அளவு மீறிய நிலை. கோடையில் வெட்டவெளியிலும் உலை, வார்ப்படப் பிரிவுகளிலும் பணிபுரிவோருக்கு இது நேரலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, மனக்குழப்பமோ மயக்கமோ தோன்றினால் அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டு சென்று, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரால் நனைத்து, விசிறி, 108-ஐ அழைக்க வேண்டும். இதற்குப் பாராசிட்டமால் பயன்படாது.

ஹைப்போநேட்ரீமியா என்பது இரத்தத்தில் சோடியம் குறைந்த நிலை. சோடியத்தின் இலத்தீன் பெயர் நேட்ரியம்; பெயருக்குக் காரணம் அதுவே. வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. மணிக்கணக்கில் வியர்த்தபின் வெறும் நீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு நேரலாம். மிகுதியாக வியர்ப்போர் நீருடன் மோர், கஞ்சி அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசலையும் அருந்தலாம். ஒரு லிட்டர் நீருக்குரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கரைக்க வேண்டும். மிகை அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும்.

நீங்கள் காணக்கூடிய பிற சொற்கள்

• ஹைப்பர்கலீமியா, ஹைப்போகலீமியா: இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல், குறைதல். இரண்டும் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.
• ஹைப்பர்லிபிடீமியா: இரத்தத்தில் கொழுப்பு மிகுதல்.
• ஹைப்போக்சியா: உடல் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமை.
• ஹைப்போதெர்மியா: உடல் வெப்பம் குறைதல். குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருப்பது இதனைத் தடுக்கவே.
• ஹைப்பர்சென்சிட்டிவிட்டி: மருந்து, உணவு போன்றவற்றுக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டுதல், அதாவது ஒவ்வாமை.

‘ஹைப்போ’ எல்லா இடத்திலும் நோயைக் குறிப்பதில்லை. சில சொற்களில் அது ‘அடியில்’ என்னும் இடப்பொருளை மட்டுமே தருகிறது. ஹைப்போடெர்மிக் ஊசி என்பது தோலுக்கு அடியில் செலுத்தும் ஊசி. ஹைப்போதலாமஸ் என்பது மூளையில் தலாமஸுக்குக் கீழ் உள்ள பகுதி. ஸ்கேன் அறிக்கையில் இவை காணப்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

1. எனக்கு மாறியிருப்பது எது? சர்க்கரையா, அழுத்தமா, ஹார்மோனா, உப்பா?
2. அது கூடியுள்ளதா, குறைந்துள்ளதா?
3. இருக்க வேண்டிய அளவு என்ன? எனக்கு இப்போது உள்ள அளவு என்ன?

விடைகளைச் சீட்டிலேயே உங்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தரக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், மேல்நோக்கிய அல்லது கீழ்நோக்கிய அம்புக்குறி இட்டுத் தரச் சொல்லலாம். ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோருக்கு இந்த அம்புக்குறி மிகவும் உதவும். எம்மொழியினரும் அதனைப் புரிந்துகொள்வர். இதனைக் கேட்பது நோயாளியின் உரிமை, தயங்க வேண்டியதில்லை.

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்வோர் மருந்தின் பெயர் எழுதிய சிறு அட்டையையும், ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸையும் சட்டைப் பையில் வைத்திருக்கவும். அறைத் தோழர் ஒருவருக்கும், பணியிடத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கும் இதனைச் சொல்லி வைக்கவும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500-க்கும் மேற்பட்டோர் பணிபுரியும் தொழிற்சாலைகளில் மருத்துவ உதவிக்கான ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என வகுத்தது. உங்கள் தொழிற்சாலையில் அது எங்குள்ளது, இரவுப் பணியிலும் திறந்திருக்குமா, அங்கு சர்க்கரை அளவிடும் கருவி உள்ளதா என்பதை உடல்நலத்துடன் இருக்கும்போதே கேட்டறியவும்.

உதவி பெற

• மயக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி: 108
• மருத்துவ ஆலோசனை, ஐயங்கள்: 104
• சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அருகிலுள்ள அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. ஈ.எஸ்.ஐ. அட்டை உடையோர் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களையும் அணுகலாம்.
• 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள், நீரிழிவுக்கும் மிகை அழுத்தத்திற்கும் உரிய மருந்துகளை இல்லத்திற்கே கொண்டுவந்து தருகின்றனர்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்களே. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்று அல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் அறிவுரைப்படியே இருத்தல் வேண்டும்.